மூடியை மாற்றி வைத்தவனுக்கு

மூடியைத் திறந்தால் இப்போதும் அந்த வாசனை வருகிறது. பழைய சோப்புக் கட்டியும் பூஞ்சை பிடித்த பஞ்சும் கலந்த வாசனை. இன்று காலையில் பரணிலிருந்து விதைக் கேழ்வரகுப் பானையை இறக்கும்போது கை பட்டு அந்த வட்ட அட்டை டப்பா உருண்டு கீழே விழுந்தது. உள்ளே இருப்பது உடைந்துவிட்டதோ என்று பதறிப்போய்க் குனிந்தேன். குனிந்த பிறகுதான் உடைந்தால் என்ன என்று நினைவு வந்தது. பதினெட்டு வருடப் பழக்கம், கைக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. சந்தவாசலில் உன் வீட்டு வாசலில் நான் அழுத அழுகையை ஊரே பார்த்தது. உன் மகள்தான் தண்ணீர் கொடுத்து, "அழாதீங்க மாமா, அப்பா நிம்மதியாத்தான் போனாரு" என்று தேற்றினாள். ஆமாம், நிம்மதியாகத்தான் போயிருப்பாய். உனக்கென்ன குறை? அந்த அழுகையைத் திருப்பி வாங்க ஒரு வழி இருந்தால் இன்றைக்கே வாங்கிவிடுவேன்.

திருப்பத்தூர்க் கடையில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்த வருடங்களை நினைத்துப் பார்க்கிறேன். நீ பழைய கடிகாரம், கிராமபோன், விளக்கு எல்லாம் பழுது பார்த்து விற்பாய். நான் மலைக்காரன் என்பதால் ஜவ்வாது மலையில் ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி வருவேன். நானும் பெரிய யோக்கியன் இல்லை. "ஓடாத கடியாரத்த வூட்டுல வெச்சிக்கினா ஆவாதுங்க" என்று சொல்லி எத்தனை வீட்டுச் சுவரைக் காலி செய்திருக்கிறேன். அதைக் கடையில் வந்து சொல்லி நீயும் நானும் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். ஊரை ஏமாற்றினாலும் நமக்குள் பொய் கிடையாது என்று நான் நம்பியிருந்தேன். அப்படி ஒரு ஒப்பந்தம் நாம் போட்டதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அந்தத் தகரப் பெட்டி கிடைத்த நாள் உனக்கு மறந்திருக்காது. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் மலையில் இருந்த காட்டிலாகா துரைக்குச் சமையல் செய்தவரின் பேரன் வீட்டில் அது கிடந்தது. துரை ஊருக்குப் போகும்போது சமையல்காரரிடம் விட்டுப் போனதாம். உள்ளே கொம்பு நசுங்கிய ஒரு பாட்டுப் பெட்டி. இசைத்தட்டு வருவதற்கு முந்திய சங்கதி அது. தட்டுக்குப் பதிலாக டம்ளர் அளவில் மெழுகு உருளை சுற்றும், அதன் மேல் ஊசி ஓடும். எதிரே நின்று பேசினால் அந்தப் பெட்டியே பதிந்தும் கொள்ளும். ஆறு உருளைகள் அட்டை டப்பாக்களில் இருந்தன. மலைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு வளைவுக்கும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்ததில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

"நூறு வருசத்துக்கு மேல பழசு. நல்ல வெல போவும்ல?" என்று கேட்டேன்.

நீ கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். "பழசுன்னா வெலயா? அப்ப உங்க மலயில கீற பாற எல்லாம் கோடி ரூவா போவணும் பங்காளி."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாய். உருளையின் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு விரித்துத்தான் தூக்க வேண்டும், வெளிப்பக்கம் கை படக்கூடாது என்றாய். குளிர்ந்த மெழுகுக்குக் கைச்சூடு பட்டாலே கீறல் விடும் என்றாய். வெள்ளைப் புள்ளி இருந்தால் பூஞ்சை தின்றுவிட்டது என்று அர்த்தம், ஊசி அங்கே போனால் பாட்டுக்குப் பதிலாகக் கடுகு வெடிக்கும் சத்தம்தான் வரும் என்றாய். நான்கு உருளைகள் கறுப்பு. அவற்றின் விளிம்பிலேயே பாட்டின் பெயர் பொறித்திருந்தது. அவை கம்பெனி அச்சில் வார்த்தவை, ஆயிரக்கணக்கில் இருக்கும், சல்லி பெறாது என்று ஒதுக்கினாய். மீதி இரண்டும் பழுப்பு நிறம். விளிம்பில் எழுத்து எதுவும் கிடையாது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"இதுல ஒண்ணு தொர கடையில வாங்கனது. இன்னொண்ணு அவனே ஒக்காந்து பதிஞ்சது. கடையில வாங்கனதுக்கு அண்ணன் தம்பி எங்கியாவது இருப்பான். தானே பதிஞ்சது ஒண்டிக்கட்ட. ஒலகத்துலயே ஒண்ணுதான். வெல அங்கதான் கீது."

"எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"மூடியப் பாரு. மூடிதான் சாட்சி."

ஒரு மூடியில் கம்பெனிக் காகிதம் ஒட்டியிருந்தது. இன்னொரு மூடியில் மசியால் இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் பத்தாவது வரை படித்தவன், எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் மலையின் பெயர். அடுத்த வரியில் எங்கள் ஊரின் பெயர். அதற்குக் கீழே ஓர் ஆளின் பெயர். என் தாத்தாவின் அப்பா பெயர் அது. எங்கள் ஊர்க்கவுண்டராக, அதாவது ஊர்த்தலைவராக இருந்தவர். நான் கடையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போட்டோகூட இல்லாத மனிதர், என் பூட்டன். அவருடைய குரல் ஒரு டம்ளர் மெழுகில் இருக்கிறது. நீ எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாய்.

அப்போதே போட்டுக் கேட்கலாம் என்றேன். "நாலு நாள் இங்கயே இருக்கட்டும். மலக் குளுர்லேர்ந்து வந்திருக்கு. சூட்டுக்குப் பழகணும். மிஷினையும் நான் சரி பண்ணணும்" என்றாய். அது சாமை அறுப்பு நேரம். சரி என்று நான் மலையேறிவிட்டேன். அந்த நான்கு நாட்களைத்தான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் கூறு போட்டோம். அந்த வழக்கத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். எங்கள் மலையில் இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு புளியமரத்தைக் குத்தகை எடுத்தால், உலுக்கி, ஓடு தட்டி முடித்த பிறகு ஒருவர் இரண்டு குவியலாகக் கூறு போடுவார். மற்றவர் முதலில் எடுப்பார். கூறு போட்டவர் முதலில் எடுக்கக் கூடாது. அதனால் போடுகிறவர் ஒரு பிடி கூடக் குறைய இல்லாமல் போடுவார். முதல்முறை கேட்டபோது, "நல்லா கீதே இது, சண்டையே வராது" என்று வியந்தாய். அதன் பிறகு கடைக்கு வந்த எல்லாச் சாமானையும் அப்படித்தான் பிரித்தோம்.

அன்றைக்குக் கூறு போட்டவன் நீ. ஒரு பக்கம் கையெழுத்து மூடி போட்ட பழுப்பு உருளையும் ஒரு கறுப்பு உருளையும். மறுபக்கம் கம்பெனி மூடி போட்ட பழுப்பு உருளை, மூன்று கறுப்பு உருளை, பாட்டுப் பெட்டி. "உனக்குப் புடிச்சத எடு" என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாய். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று திரும்பி நிற்கிறாய் என்று நினைத்தேன். நான் பூட்டனை எடுத்துக்கொண்டேன். "நீ அதத்தான் எடுப்பேன்னு தெரியும் பங்காளி" என்றாய். இந்த உலகத்தில் என்னை இவ்வளவு தெரிந்த ஒருவன் இருக்கிறானே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

போட்டுக் கேட்கலாமா என்று மறுபடி கேட்டேன். நீ தலையை ஆட்டினாய். "போடாத. ஒவ்வொரு வாட்டியும் ஊசி கொஞ்சம் தின்னும். மெழுகுல்ல. போடப் போடக் கெழவன் கொரலு கரைஞ்சி பூடும். அத்தினி வருசம் கழிச்சி வந்திருக்காரு, நீ கரைச்சிப்புடாத. மூடியே வை." விற்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை, அதனால் விலை குறையும் என்று நீ சொல்லியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். கரைஞ்சி பூடும் என்றாயே, அதுதான் என் கையைக் கட்டிப்போட்டது. அதே மாதத்தில் பாட்டுப் பெட்டியையும் யாருக்கோ விற்றுவிட்டாய். உன் பங்கு, உன் இஷ்டம் என்று இருந்தேன்.

பதினெட்டு வருடம், விதைப்பானைகளுக்குப் பக்கத்தில் பஞ்சு சுற்றி வைத்திருந்தேன். பொங்கலன்று இறக்கிச் சாமி முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். ஊரில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அழைத்து வந்து மூடியைக் காட்டுவார்கள். என் அப்பாவின் தம்பிக்கு, என் சித்தப்பாவுக்கு, இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும், "நான் கண்ண மூடறதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி எங்க தாத்தா கொரலக் கேக்க வுடுடா" என்பார். "போட்டா கரைஞ்சிடும் சித்தப்பா" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் சொல்வேன். உன் வார்த்தையை அவரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

கூறு போட்டதற்குப் பிந்திய வருடங்களில் கடையில் உன்னைக் கிண்டல் செய்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது நீ ஒரு மெட்டை முனகுவாய். வார்த்தை இல்லாமல், மூக்கால். மெட்டு மேலே ஏறி இறங்கும் ஓர் இடத்தில் எப்போதும் தொண்டையைச் செருமுவாய். "உன் ரிக்காட்டுல அங்க கீறல் வுழுந்துடுச்சிடா" என்பேன். நீ சிரிக்க மாட்டாய். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாய், அதே இடத்தில் செருமுவாய். உனக்குச் சர்க்கரை ஏறிக் கண் மங்கி, கடையை மூடி, நான் மலைக்கே வந்துவிட்ட பிறகும் அந்த முனகல் என் காதிலேயே இருந்தது. இந்த வீட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது நானும் அதையே முனகுகிறேன் என்று என் மனைவி சிரிப்பாள்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிப் படித்துக்கொண்டிருப்பவள். மெழுகு தேயாதபடி மிக லேசான ஊசி வைத்த கருவி ஒன்று கொண்டு வந்திருந்தாள். ஒரே தடவை ஓட விட்டுக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டால் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றாள். பள்ளிக்கூடத்தில் ஊரே கூடியது. சித்தப்பா வெளுத்த வேட்டி கட்டி, முன் பெஞ்சில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். நான் நாலு வார்த்தை பேசினேன். உன்னைப் பற்றியும் பேசினேன். என் சிநேகிதன் இல்லையென்றால் இது எப்போதோ கரைந்து போயிருக்கும் என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

உருளை சுற்றியது. ஒருவன் இங்கிலீஷில் ஏதோ அறிவித்தான். பிறகு விசில் அடித்தான். விசிலுக்கு நடுநடுவே ஹஹ்ஹஹ்ஹா என்று சிரித்தான். இரண்டு நிமிடம், விசிலும் சிரிப்பும். பின்னால் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். பெரியவர்களும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் கூப்பிய கையை எடுக்கவே இல்லை. முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாடா, எங்க தாத்தா இங்கிலீசு பேசுவாரா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நான் ஆமாம் என்று சொன்னால் நம்பிவிடும் முகத்தோடு கேட்டார்.

"இது கம்பெனி உருளைங்க. மூடி மாறியிருக்கு" என்றாள் அந்தப் பெண். துடைக்கும்போது தவறுதலாக மாறியிருக்கும் என்றும் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டேன். நீ தெரியாமல் மாற்றியிருப்பாய், அந்த இன்னொரு உருளை உன் வீட்டு அலமாரியில் கம்பெனி மூடியோடு கிடக்கும், எடுத்து வந்து சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டிவிடலாம் என்று மறுநாள் முதல் பேருந்தில் சந்தவாசல் போனேன்.

உன் மனைவி காபி கொடுத்தாள். கேட்டதும் தயங்காமல் சொன்னாள். "அதுவாண்ணே? நீங்க மலைக்குப் போன அந்த நாலு நாளும் வூட்டுலதான வெச்சிக்கினு இருந்தாரு. மொதல்ல ஒரு வெள்ளக்காரன் பேசுவான். உங்க மல பேரு, உங்க ஊரு பேரு எல்லாம் சொல்லுவான். அப்புறம் ஒரு ஆம்பள பாடுவாரு. அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாரு. தல வலிக்குது நிறுத்துய்யான்னு நான்தான் கத்தனேன். அப்புறம் வெளிநாட்டுக்காரரு ஒருத்தர் வந்து வாங்கிக்கினு போய்ட்டாரு. மாடி வூடு அதுல கட்டனதுதான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் விக்கறேன்னாரே. சொல்லலியாண்ணே?" என்று கேட்டாள்.

"சொன்னான்மா. நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.

அவளுக்காகச் சொன்ன பொய் அது. உனக்காக இல்லை. மூடி சாட்சி என்று எனக்குச் சொன்ன நீ, மூடியே தேவையில்லாமல் அந்த உருளை தன் பெயரைத் தானே சொல்லும் என்று நான்கு நாளும் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாய். அதனால்தான் மூடியை எனக்குத் தாராளமாகக் கொடுத்தாய். நம்மிடம் இருந்த ஒரே நேர்மையான வழக்கத்தை எடுத்து என்னை ஏமாற்றினாய். நான் என் கையாலேயே எடுத்துக்கொள்ளும்படி செய்தாய். வெளியே வந்து உன் மாடியை அண்ணாந்து பார்த்தேன். உன் மகள் கல்யாணத்தின்போது அந்த அறையில்தான் படுத்தேன். தலையணை போதுமா என்று நீயே இன்னொன்று கொண்டு வந்து கொடுத்தாய். எப்படியடா முடிந்தது உன்னால்?

பேருந்தில் வரும்போது உனக்காக நானே காரணம் தேடினேன். மகளுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா? யாராவது மிரட்டினார்களா? ஒன்றும் இல்லை. உனக்கு மாடி வேண்டியிருந்தது. அவ்வளவுதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்றும் யோசித்தேன். கொடுத்திருக்க மாட்டேன். ஒரு தடவை சித்தப்பாவோடு உட்கார்ந்து கேட்காமல் கொடுத்திருக்கவே மாட்டேன். அது உனக்குத் தெரிந்திருந்தது.

இன்று காலையில் டப்பாவை எடுத்துத் திரும்பப் பரணில் போட்டுவிட்டு, நின்றுபோயிருந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். பழக்க தோஷம், வாய் உன் மெட்டை முனகத் தொடங்கிவிட்டது. அந்தச் செருமல் இடம் வந்ததும் சுருக்கென்றது. இவன் தொண்டை என் தொண்டைக்குள்ளேயா என்று எரிச்சலோடு நிறுத்தினேன்.

வாசலில் கட்டிலில் இருந்த சித்தப்பா, "ஏன்டா நிறுத்திட்ட?" என்றார்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா."

"தூத்துற பாட்டுடா அது. களத்துல சாம தூத்தும்போது எங்கப்பா பாடுவாரு. எங்க தாத்தா கட்டனதுன்னு சொல்லுவாரு. எங்கப்பா போனப்ப நீ பொறக்கவே இல்லியே. நீ எங்க கத்துக்கின?"

நான் கடிகாரச் சாவியோடு வாசலுக்கு வந்து நின்றேன். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு மெல்ல எடுத்தார். "காத்தே காத்தே களத்துக்கு வா, உமிய மட்டும் எடுத்துக்கினு போ…" உன் மெட்டேதான். ஏற்றமும் இறக்கமும் அப்படியே. அந்த இடம் வந்தது. சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"இருமல் வந்துடுச்சா? தண்ணி கொண்டாரட்டா?" என்றேன்.

"இல்லடா. அங்க செருமணும். காத்து திரும்பும்போது உமி வாயில பூந்துடும்ல. எங்க தாத்தா அங்க செருமுவாராம். எங்கப்பாவும் செருமுவாரு. அதுவும் பாட்டுல சேத்திதான்."

இத்தனை வருடம் உன்னுடையது என்று நான் கேலி செய்த செருமல் உன்னுடையது இல்லை. ஒரு மாதமாக நான் வெறுத்த அந்தச் சத்தம் என் பூட்டனுடையது. விற்பதற்கு முன்னால் நான்கு நாள் உட்கார்ந்து, எது பாட்டு எது இருமல் என்று பிரிக்காமல் முழுசாக மனப்பாடம் செய்திருக்கிறாய். பிறகு என் எதிரிலேயே உட்கார்ந்து, தினம் தினம், என் பூட்டனை எனக்குப் பாடிக் காட்டியிருக்கிறாய். ஒரு நாளாவது வாயைத் திறந்து இது யார் பாட்டு என்று சொல்லியிருக்கலாமே. நான் சிரித்தபோது நீ சிரிக்காமல் இருந்தாயே, அப்போதாவது.

"எங்க கத்துக்கினேன்னு கேட்டேனே" என்றார் சித்தப்பா.

உன் பெயர் நாக்கு வரை வந்தது. "அந்த உருளையிலேர்ந்துதான் சித்தப்பா" என்றேன்.

"அப்ப எங்க தாத்தா அதுல இருந்தது நெசந்தான்" என்று தலையை ஆட்டிக்கொண்டார். அவர் முகத்தை அவ்வளவு நிறைவாக நான் பார்த்ததில்லை. "எங்க, மொதல்லேர்ந்து பாடு பாக்கலாம்" என்றார்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. அந்த உருளை எந்த ஊரில் யார் அலமாரியில் இருக்கிறதோ தெரியாது, சித்தப்பா அதைக் கேட்காமலேதான் போவார். என்னிடம் மிச்சம் இருப்பது உன் மூக்கால் வந்த ஒரு முனகல்தான். பூட்டனை நினைத்துக்கொண்டு தொடங்கினால் பாதியில் உன் முகம் வந்துவிடுகிறது. அதைக் காறித் துப்பிவிட முடிந்தால் துப்பியிருப்பேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து பாடினேன். அந்த இடம் வந்தபோது செருமினேன்.